ஒத்திசைத்தல்: ‘சிங்க்ரனைஸ்’ என்ற சொல்லுக்கு

அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் ‘யூனிட் சிங்க் ஆயிடுச்சு’ என்பார்கள். மறுநாள் செய்தியில் அது ‘மின் உற்பத்தி தொடங்கியது’ என்று வரும். இரண்டும் ஒன்றல்ல. ‘சிங்க்’ (சிங்க்ரனைஸ்) என்பது, ஓடும் ஜெனரேட்டரை மின்பாதைகளின் பொது வலையான தொகுப்போடு (கிரிட்) தாளம் பொருந்த இணைப்பது மட்டுமே. வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டத்து 800 மெகாவாட் அலகு 2024-இல் சிங்க் ஆனது. முழுச்சுமை, சோதனை ஓட்டம், வணிக உற்பத்தி எல்லாம் அதற்குப் பின் வருபவை.

கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன், ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். தமிழில் ‘ஒத்திசைத்தல்’ சரி. ‘இணைத்தல்’ போதாது, கம்பியை முறுக்கினாலும் இணைப்புதானே.

டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று எட்டினால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதோடு வோல்டேஜ், ஃபேஸ் வரிசை (மூன்று கம்பிகளில் அலை வரும் முறை), ஃபேஸ் கோணம் (இரு பக்க அலைகளுக்கும் உள்ள முன்பின்) மூன்றும் தொகுப்போடு பொருந்த வேண்டும். இந்தப் பொருத்தத்தைக் காட்டும் கருவியான சிங்க்ரோஸ்கோப்பின் முள் வலஞ்சுழியாக, மெதுவாகச் சுற்றும்போது, உச்சியைத் தொடச் சற்று முன்பே, இணைக்கும் சுவிட்சான பிரேக்கருக்குக் கட்டளை போக வேண்டும். பிரேக்கர் மூடவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முள் இடஞ்சுழியாக ஓடும்போது மூடினால் இயந்திரம் மின்சாரத்தை வாங்கத் தொடங்கும், அதைக் கவனிக்கும் காப்புக் கருவியான ரிவர்ஸ் பவர் ரிலே டிரிப் அடித்து இணைப்பைத் துண்டிக்கும். கோணம் பெரிதாகத் தப்பினால் ஜெனரேட்டர் தண்டுக்கும் வைண்டிங்குக்கும் சேதம்.

நாடுகளுக்கிடையிலும் இதே கணக்குதான். நேபாளமும் பூட்டானும் இந்தியத் தொகுப்போடு ஒத்திசைந்தவை. வங்கதேசம் அப்படியல்ல: 2013-இல் தொடங்கிய, அந்நாட்டிலுள்ள பேரமாரா நிலையத்தில் இந்தியாவிலிருந்து வரும் மாறுமின்சாரம் (ஏசி) நேர்மின்சாரமாகி (டிசி), மீண்டும் மாறுமின்சாரமாகிறது. அதனால் இரு பக்கத் தாளமும் பொருந்தத் தேவையில்லை. இதை ‘ஒத்திசையா இணைப்பு’ எனலாம். நேபாளம் வங்கதேசத்துக்கு விற்கும் 40 மெகாவாட் இந்த இரண்டு வகை எல்லையையும் கடக்கிறது.

ஒத்திசையாமை குறையல்ல. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தென்மாநிலங்கள் தப்பின. அன்று நம் தென்மாநிலத் தொகுப்புக்கு வடக்கோடு நேர்மின் தொடர்பு மட்டுமே. ஒத்திசைவு 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக வந்தது. ஆனால் காப்பு ஒருபக்கம்தான். 2014 நவம்பர் 1 அன்று பேரமாரா டிரிப் ஆனதும் இறக்குமதி நின்றது. அதை ஈடுகட்டக் கையிருப்பு இல்லாமல் அதிர்வெண் சரிந்து, வங்கதேசம் ஏறக்குறைய முழுதும் இருண்டது. இந்தியப் பக்கம் விளக்கு அணையவில்லை.

நெடுநாளாகப் பேச்சில் உள்ள மதுரை–அனுராதபுரம் பாதையும் நேர்மின் திட்டமே. அது அமைந்தாலும் ‘இலங்கையுடன் மின் இணைப்பு’ என்று எழுதலாம். ‘ஒத்திசைவு’ என்று எழுதக் கூடாது.