ரீகால் என்பது கம்பெனி காட்டும் கருணை இல்லை: ஒரு ரைஸ் குக்கரும் 5 வெள்ளி (ரிங்கிட்) வழக்கும்

பெரியம்மா வீட்டு ரைஸ் குக்கரைத் திருப்பிப் பார்த்தால், வயர் சொருகும் வாய் பழுப்பேறி, ஒரு ஓரம் மெழுகு வழிந்ததுபோல் உருகி நிற்கும். சோறு வேகும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை வருகிறது என்று அவர் சொல்லத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று பெரியப்பா தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஈப்போவில் வேலை செய்யும் பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அந்த மாடலைக் கம்பெனி திரும்பப் பெறுகிறதாம், அதைத்தான் ரீகால் என்கிறார்கள்; உடனே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டுமாம். அறிக்கை மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரே கடையில், ஒரே மலிவு விற்பனையில், எங்கள் தோட்டத்தில் மட்டும் ஏழெட்டு வீடுகள் அதே குக்கரை வாங்கியிருந்தன. பேத்தி இல்லாத வீட்டுக்கு அந்தச் செய்தி எப்படிப் போகும்?

அறிக்கையில் இருந்த எண்ணுக்கு நான்தான் போன் செய்தேன். 1 அழுத்தினால் மலாய், 2 ஆங்கிலம், 3 சீனம். நாலு இல்லை. இருபது நிமிடப் பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் எடுத்துப் பணிவாகச் சொன்னார்: பெட்டி, ரசீது, வாரண்டி கார்டு மூன்றும் வேண்டும், வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதால் இலவசச் சோதனை மட்டும்தான், பொருளை ஈப்போ சர்வீஸ் சென்டருக்கு நீங்களே கொண்டுவர வேண்டும், ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். கடைக்குப் போனால், "நாங்க வித்ததோட சரி, கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள்.

பெரியம்மா சொன்னதைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "தீப்பிடிக்கும்னு அவனே சொல்றான், தூக்கிட்டு வான்னும் அவனே சொல்றான். பஸ் காசு யாருப்பா குடுப்பா?"

சட்டம் ஏறக்குறைய பெரியம்மா பக்கம்தான் நிற்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், எண் 599. அதே ஆண்டு நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிற பொருள் எதுவானாலும் "ஏற்கத்தக்க தரத்தில்" இருக்கும் என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே 32-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. எழுதித் தரவில்லை, வாயால் சொல்லவில்லை என்பதெல்லாம் பேச்சே இல்லை. ஏற்கத்தக்க தரம் என்பதில் சட்டம் சேர்த்திருக்கும் விஷயங்களில் இரண்டு நமக்கு முக்கியம்: பொருள் பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும்.

இனி 44-வது பிரிவு. பொருளில் இருக்கும் குறை சின்னதா பெரியதா என்பதை அதுதான் பிரிக்கிறது. சின்னக் குறை, சரிசெய்யக்கூடியது என்றால், முதலில் கடைக்காரருக்குப் பழுதுபார்க்க ஒரு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். பெரிய குறை என்றால் அந்தச் சுற்றே தேவையில்லை. பொருளையே வேண்டாம் என்று நிராகரிக்கலாம். பெரிய குறை எது என்ற பட்டியலில், பொருள் பாதுகாப்பற்றதாக இருப்பதும் ஒன்று. அதாவது, "தீப்பிடிக்கும் அபாயம், பயன்படுத்தாதீர்கள்" என்று கம்பெனி தன் வாயாலேயே அறிவித்த பொருளுக்கு, "சோதித்துப் பார்த்துத்தான் சொல்வோம்" என்ற பேச்சு நிற்காது. சோதனை முடிந்துவிட்டது, முடிவைக் கம்பெனியே வெளியிட்டுவிட்டது. அதனால் அந்த அறிக்கையை உடனே படம் பிடித்து, முடிந்தால் அச்செடுத்து வையுங்கள். இணையப் பக்கங்கள் சத்தமில்லாமல் மாறும்.

நிராகரித்த பிறகு பணமா, அதே வகையில் வேறு பொருளா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவரின் உரிமை. அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று வவுச்சரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம். பஸ் காசு கேள்விக்கும் 45-வது பிரிவில் பதில் இருக்கிறது. பொருளைத் திருப்பிக் கொடுப்பது பொதுவாக வாங்கியவரின் வேலைதான்; ஆனால் பொருளின் அளவாலோ குறையின் தன்மையாலோ அதற்குப் பெரும் செலவாகும் என்றால், விற்றவர் தன் செலவில் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம், ஐஸ் பெட்டி போன்றவற்றுக்கு இது நேராகவே பொருந்தும். குக்கருக்கு இதை வைத்து வாதாடுவது கொஞ்சம் கஷ்டம். ஆனால் அதையும் ஈப்போவுக்குத் தூக்க வேண்டியதில்லை. வாங்கிய கடை சுங்கை சிப்புட்டில் இருக்கிறது, அங்கே கொடுத்தால் போதும்.

கடையில் கொடுத்தால் போதுமா? போதும். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விற்றவர் மேலும் கோரலாம், தயாரித்தவர் மேலும் கோரலாம். தயாரித்தவர் வெளிநாட்டில் இருந்து, இங்கே அவருக்கு அலுவலகமே இல்லை என்றால், இறக்குமதி செய்தவரைத் தயாரிப்பாளராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடை கம்பெனியைக் கைகாட்டுவதும் கம்பெனி கடையைக் கைகாட்டுவதும் அவர்கள் இரண்டு பேருக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

வாரண்டி கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் போட்டிருக்கும் 12 மாதம் கம்பெனி தானாகக் கொடுத்த வாக்கு. சட்டம் கொடுத்த உறுதி அதற்கு மேலே தனியாக ஓடுகிறது. "வாங்கிய பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டை அந்த உரிமையை அழிக்காது. ஒப்பந்தம் போட்டுக்கூட இந்தச் சட்டத்தை விலக்க முடியாது என்று 6-வது பிரிவு சொல்கிறது. ஆனால் நிராகரிக்கும் உரிமைக்குக் கால எல்லை உண்டு. இப்படிப்பட்ட குறை தெரியவரக்கூடிய நியாயமான காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். பதினான்கு மாதக் குக்கருக்கு இது பிரச்சினையே இல்லை. எட்டு வருடம் ஓட்டிய பொருளென்றால் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

பொருளை வீசிவிட்டால் நிராகரிக்கும் உரிமையும் போய்விடும். எங்கள் லயத்திலேயே ஒருவர் பயந்து குக்கரைப் பழைய இரும்புக்காரரிடம் 3 வெள்ளிக்குப் போட்டுவிட்டார். இன்னொரு வீட்டில் மருமகன் கெட்டிக்காரர். உருகிய வாயை அறுத்து வேறு வயர் பொருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறார். தீ ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், "நீங்கள் திறந்து கைவைத்ததால் வந்த பழுது" என்று சொல்ல இனிக் கடைக்காரருக்கு வழி கிடைத்துவிட்டது. பிளக்கைப் பிடுங்குங்கள், வயரைச் சுற்றிக் கட்டுங்கள், நாலு பக்கமும் படம் எடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பொருளைக் கையில் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வாங்காமல் விடாதீர்கள்.

தோட்டத்து வீடுகளுக்கு இன்னொரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: "உங்க வீட்டு வயரிங் பழசு, அதான் லா." பழைய லயத்து வயரிங் பல இடங்களில் பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் புது வயரிங் போட்ட வீடுகளில் இருந்தும் சேர்த்துத்தானே அந்த மாடலைத் திரும்பக் கேட்கிறார்கள்? அறிக்கையை நீட்டி அதைக் கேளுங்கள்.

ரசீது இல்லையே என்று பெரியம்மா தலையில் கைவைத்தார். தேடியபோது பிஸ்கட் டின்னுக்குள் தவணைக் கார்டு கிடைத்தது. கடை முத்திரை, மாதாமாதம் கட்டிய தொகை, 129 ரிங்கிட் என்று மொத்த விலை, எல்லாம் அதில் இருந்தது. வாங்கியதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். வங்கிக் கணக்கில் பணம் போன பதிவு, கடைக்காரருடன் வாட்ஸ்அப்பில் பேசியது, கூட வந்த அண்டை வீட்டார் என எது இருந்தாலும் முன்வைக்கலாம்.

அடுத்து ஒரு கடிதம். வாயால் சொன்னது காற்றில் போகும். தேதி, மாடல், வாங்கிய நாள், விலை எழுதி, நடுவில் ஒரு வரி மலாயில் இருந்தால் போதும்: "சாயா மெனோலாக் பாராங் இனி கெரானா தீடாக் செலாமாட்." பாதுகாப்பற்றது என்பதால் இந்தப் பொருளை நிராகரிக்கிறேன் என்று அர்த்தம். சட்டம் 599, பிரிவு 44 என்று கீழே போட்டு, 14 நாளுக்குள் பணம் வேண்டும் என்று முடித்தோம். 14 நாள் நான் வைத்த கெடு, சட்டத்தில் இருப்பது இல்லை. ஒரு பிரதி கடைக்கு, ஒரு பிரதி கம்பெனிக்கு, பதிவுத் தபாலில்.

அரசாங்கம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: மின்சாதனம் என்றால் தீபகற்பத்தில் எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, பார்த்துக்கொள்கிறது. ரைஸ் குக்கர், கெத்தல், இஸ்திரிப் பெட்டி, காத்தாடி போன்றவற்றை அதன் அங்கீகாரச் சான்றிதழ் இல்லாமல் விற்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. பொருளில் தரச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது தனிப் புகார். பயனீட்டாளர் விவகாரம் முழுவதற்கும் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, இலவச எண் 1-800-886-800. ஒரு பொருள் ஆபத்தானது என்று தெரிந்தால் அதைத் தடை செய்யவும், விற்றவர் தன் செலவில் திரும்பப் பெறவும், பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிடவும் 23-வது பிரிவு அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. கம்பெனி தானாக முன்வந்து ரீகால் அறிவித்தால் அது வேறு. அப்போது நிபந்தனைகளையும் கம்பெனியே எழுதிக்கொள்கிறது. பெட்டி வேண்டும், ரசீது வேண்டும் என்பதெல்லாம் அந்த நிபந்தனைகள்தான். அவை உங்கள் உரிமையைக் குறைக்காது.

கம்பெனியிடமே விட்டால் எப்படி இழுக்கும் என்பதற்கு பிரிட்டன் கதை ஒன்று. வெயிலில் கொடி கட்டித் துணி காயவைக்கும் நமக்குத் துணி உலர்த்தும் இயந்திரம் புதிதாகத் தோன்றலாம். அங்கே அது பல வீடுகளில் இருக்கும். வேர்ல்பூல் நிறுவனத்தின் இயந்திரங்களில் பஞ்சு சூடேற்றியில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று 2015 நவம்பரில் தெரியவந்தது. பாதிக்கப்பட்டவை 50 லட்சத்துக்கும் மேல். ஆள் அனுப்பிச் சரிசெய்து தருகிறோம், அதுவரை வீட்டில் ஆள் இருக்கும்போது ஓட்டலாம் என்றார்கள். ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் தீ. 2017 பிப்ரவரியில்தான் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார்கள். முழு ரீகால் வந்தது 2019 ஜூலையில்.

இங்கே அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது; மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 2019-க்கு முன் 25,000 தான். பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் அனுமதி இல்லை. கம்பெனி பெரிய வக்கீலைக் கூட்டிவந்து பெரியம்மா முன்னால் உட்கார வைக்க முடியாது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. நிரப்ப வேண்டியது போராங் 1, அதாவது படிவம் 1. உங்கள் பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, தொகை, நடந்தது என்ன, அவ்வளவுதான். கடையின் பெயரைப் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதாதீர்கள். ரசீதிலோ தவணைக் கார்டிலோ இருக்கும் பதிவுப் பெயரை எழுதுங்கள். பெரியம்மாவின் கடைக்குப் பலகையில் ஒரு பெயர், கார்டில் வேறு பெயர். நடந்ததை எழுதும் இடத்தில் ஆத்திரத்தைக் கொட்டாமல் தேதிவாரியாக எழுதுவது நல்லது. எங்கள் முதல் பிரதியில் முக்கால் பக்கம் திட்டாகவே இருந்தது, கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம்.

மனுவின் பிரதி எதிர்த்தரப்புக்குப் போன பிறகு அவர்கள் 14 நாளுக்குள் போராங் 2-இல் பதில் தர வேண்டும். எங்கள் பகுதிக்கு விசாரணை ஈப்போவில், சுமார் 30 கிலோமீட்டர். எதிர்த்தரப்பு வராமல் போனாலும் நடுவர் தீர்ப்பு வழங்கலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உடம்பில் தீக்காயம், உயிரிழப்பு என்றால் இந்த மன்றம் ஏற்காது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான், வக்கீலைப் பாருங்கள். தீப்பிடித்து வீட்டுச் சாமான் எரிந்தால், தயாரித்தவர் மேலும் இறக்குமதி செய்தவர் மேலும் நஷ்டஈடு கோர அதே சட்டத்தில் தனிப் பகுதி உண்டு. முதல் வேலை பொம்பா (தீயணைப்புத் துறை) அறிக்கை, போலீஸ் புகார், இரண்டின் பிரதியும் கையில் இருக்க வேண்டும்.

கடிதம் போய் பன்னிரண்டாவது நாள் கடையிலிருந்து போன் வந்தது. குக்கரைக் கொண்டுவந்தால் 129 வெள்ளியையும் தருகிறார்களாம். ரசீது, பெட்டி பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை போகலாம் என்று நான் சொல்ல, பெரியம்மா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குக்கர் அலமாரி மேல் துணி போர்த்தி இருந்தது. உள்பானை மட்டும் கீழே இறங்கி வந்து, இட்லிக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, அதையும் சேர்த்துத்தான் திருப்பிக் குடுக்கணும்."

"தெரியும்பா. வெள்ளிக்கிழமை காலையில கழுவித் தரேன்."