பால் பத்தலையா? முதலில் டயாபரை எண்ணுங்கள்

"பால் பத்தலை டாக்டர்." பச்சிளம் குழந்தையோடு வரும் அம்மாக்களிடம் நான் அதிகம் கேட்ட சொல் இதுதான். எப்படித் தெரியும் என்றால், "அழுதுகிட்டே இருக்கானே" என்பார்கள். நான் கேட்பது வேறு: "நேத்து காலையிலேர்ந்து இன்னிக்குக் காலை வரைக்கும் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்மா?"

பலருக்குப் பதில் தெரியாது. ஆனால் குழந்தையின் வயிற்றுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு அழுகையைவிட நல்ல சாட்சி அதுதான். பிறந்த முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். நிறம் வெளிறி இருக்க வேண்டும். கறுப்பாகப் போய்க்கொண்டிருந்த மலமும் அதற்குள் மஞ்சளாகியிருக்கும்.

அடுத்தது எடை. முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை ஏறும். ஐந்து மாதம் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும்.

அண்மையில் ஒரு அம்மா, ஐந்து வாரக் குழந்தை. சாயங்காலமானால் மூன்று மணி நேரம் அழுகை. புட்டிப்பால் வாங்கிவிடலாம் என்ற முடிவோடுதான் வந்திருந்தார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறை டயாபர் நனையும்போதும் ஒரு கோடு போடச் சொன்னேன். மடித்து மடித்து நைந்த தாளோடு வந்தார். எந்த நாளிலும் ஏழு கோட்டுக்குக் குறையவில்லை. எடை 190 கிராம் ஏறியிருந்தது. தாளையும் எடை மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அழுதுவிட்டார். ஒரு வாரமாக உள்ளே அடக்கி வைத்திருந்த பயம் அது.

அழுகை இரண்டாவது வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். மார்பு கனத்துக் கட்டிக்கொள்வது நிற்பதும் ஏறக்குறைய அழுகை உச்சத்தில் இருக்கும் சமயத்தில்தான். குழந்தைக்கு வேண்டிய அளவுக்குச் சுரப்பு பழகிவிட்டது என்பதுதான் அதன் பொருள். இரண்டும் சேர்ந்து வருவதால் பால் வற்றிவிட்டது என்று நினைத்துப் புட்டியைக் கொடுக்கிறோம். குழந்தை உறிஞ்சிக் காலி செய்யச் செய்யத்தான் பால் ஊறும். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கும், சுரப்பும் நிஜமாகவே குறையும்.

புட்டிப்பாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் குழந்தைகள் உண்டு. கொடுக்கும் தாய் குற்றவாளியும் இல்லை. ஆனால் கலக்கும் அளவில் சமரசமே கூடாது. பல வருடங்களுக்கு முன் நான்கு மாதக் குழந்தை ஒன்று வலிப்போடு வந்தது. காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து மிகவும் இறங்கியிருந்தது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று, நான்கு ஸ்பூன் போட வேண்டிய தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டிருக்கிறார்கள். நடுவில் தாகத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் வேறு. அவ்வளவு தண்ணீரை வெளியேற்ற அந்த வயதுச் சிறுநீரகத்தால் முடியாது, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய்விடும். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வலிப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் தடுப்பூசிக்கு அதே குழந்தை என்னிடம் வந்திருந்தது. எப்படிக் கலக்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொருவரையும் என் கண் முன்னாலேயே கலக்கிக் காட்டச் சொல்கிறேன்: முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய ஸ்பூன், டின்னில் எழுதியுள்ள எண்ணிக்கை.

ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு, அதில் இரும்புச்சத்து அவசியம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத கெட்டிப் பதத்தில் கொடுங்கள். தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

இவ்வளவு சொன்னாலும் கோடு போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. எட்டு மணி நேரமாக டயாபர் நனையவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.