ஒரே பேனாவில் பதினான்கு நாள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் அரசாங்கத் தாய் சேய் கிளினிக் ஒன்றில் பல வருடமாகத் தாதியாக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் இருக்கும் குழந்தை அசைவு அட்டவணையைப் பார்த்தாலே போதும், இது தினமும் குறித்ததா, இல்லை இன்று காலை காரில் உட்கார்ந்து அவசரமாக நிரப்பியதா என்று தெரிந்துவிடும். ஒரே பேனா, ஒரே அழுத்தம், பதினான்கு நாளும் சரியாகப் பகல் 12 மணிக்குப் பத்து அசைவு முடிந்திருக்கும். எந்தப் பிள்ளையும் அப்படி ஆபீஸ் நேரம் பார்த்து உதைக்காது! நான் திட்டுவதில்லை. ஆனால் மிஸ்ஸி, அதாவது தாதி, கேட்பார் என்பதற்காகத்தான் அது என்று நினைத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பயம்.

28 வாரத்தில், அதாவது வீட்டில் ஏழாம் மாத வளைகாப்புக்கு நாள் பார்க்கிற சமயத்தில் எண்ணத் தொடங்கச் சொல்வோம். காலை 9 மணியிலிருந்து எண்ண வேண்டும். உதை, புரளல், ஒரு பக்கமாகத் தள்ளுவது எல்லாம் கணக்கு. ஒரே தாளத்தில் துடிக்கிற விக்கல் மட்டும் சேராது. பத்தாவது அசைவு எப்போது வந்தது என்று குறித்துவிட்டால் அன்றைக்கு எண்ணிக்கை முடிந்தது. இரவு 9 மணிக்குள் பத்து வரவில்லையா, விடியட்டும் என்று படுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இந்தப் பத்தைப் பரீட்சையில் பாஸ் மார்க் மாதிரி நினைக்காதீர்கள். தினமும் பத்தரை மணிக்குள் பத்தும் கொடுத்துவிடுகிற பிள்ளை இன்று சாயங்காலம் ஆறு வரை இழுத்தால், கணக்குப்படி பத்து வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது வழக்கம் இல்லை. அந்த வழக்கம் எனக்கோ டாக்டருக்கோ தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். நஞ்சுக்கொடி வழியாக வருகிற பிராணவாயு குறையும்போது, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்க பிள்ளை கை கால் ஆட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். வாயால் சொல்ல முடியாத ஒன்று இப்படித்தானே சொல்லும்.

உள்ளே பிள்ளை தூங்கவும் செய்யும், பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் வரை. 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். நாம் ஓடியாடும்போது அசைவு தெரியாமலும் போகும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நாள் முழுக்க நடந்துவிட்டு, “நேத்து பிள்ளை அசையவே இல்ல மிஸ்ஸி” என்று மறுநாள் முகம் வெளிறி வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. சந்தேகம் வந்த உடனே இடது பக்கம் சாய்ந்து படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, வயிற்றை மட்டும் கவனியுங்கள். 2 மணி நேரத்தில் பத்து இல்லை என்றால் போக வேண்டியதுதான். அசைவே இல்லை என்றால் அந்த 2 மணி நேரமும் வேண்டாம்.

முதல் பிள்ளைக்கு 18, 20 வாரத்தில்தான் அசைவு தெரியும், அடுத்ததற்கு 16லேயே தெரியலாம், நஞ்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருந்தால் கொஞ்சம் மங்கலாக இருக்கும். 24 வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வாருங்கள்.

என்னைக் கோபப்படுத்துகிற பேச்சு ஒன்று உண்டு: “மாசம் நெருங்கிடுச்சு, உள்ள இடம் பத்தல, அதான் அசைவு கொறஞ்சிருக்கு.” 37 வாரத்தில் ஒரு பெண்ணுக்கு மாமியார் இதைச் சொல்ல, சனிக்கிழமை குறைந்த அசைவுக்கு அவள் திங்கட்கிழமை வந்தாள். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கோடாகப் பதிகிற சிடிஜி பெல்ட்டைக் கட்டினோம். மேடும் பள்ளமுமாக ஓட வேண்டிய கோடு தட்டையாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் அனுப்பி அன்றே ஆபரேஷன். பிள்ளை பிழைத்தது. மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் இடம் நெருக்கமானால் அசைகிற விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது, வலி கண்ட பிறகும் கூட அசைய வேண்டும்.

மைலோ குடி, ஐஸ் தண்ணி குடி, பிள்ளை எழுந்துவிடும் என்பார்கள். குடித்துக் குடித்து நேரம் போவதுதான் மிச்சம். ஆன்லைனில் வாங்கிய டாப்ளர் மிஷினை வைத்து வீட்டிலேயே பிள்ளையின் இதயத் துடிப்புச் சத்தம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பல நேரம் அது தாயின் நாடித்துடிப்பாகவே இருக்கும். பிள்ளையின் துடிப்பாகவே இருந்தாலும், துடிக்கிறது என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

போன மாதம் ஒரு பெண் மூன்றாவது முறையாக வந்தாள். முன்பு இரண்டு முறையும் எல்லாம் நன்றாகவே இருந்தது. “மறுபடியும் சும்மா வந்துட்டேனோ மிஸ்ஸி?” என்று வெட்கத்தோடு கேட்டாள். “நாலாவது தடவையும் வாம்மா,” என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை இறுக்கினேன், உள்ளேயிருந்து ஒரு உதை, கருவியே துள்ளியது. அவள் சிரித்துக்கொண்டே அட்டவணையை எடுத்தாள், கையில் பேனா இல்லை, என்னுடையதை வாங்கிக் குறித்தாள். அவள் தாளில் எல்லா நாளும் நீலம், சில இடங்களில் பென்சில். அந்த ஒரு நாள் மட்டும் சிவப்பு.