சாவி திரும்பும், இன்ஜின் ஓடாது

கார் சாவி தொலைந்து, போனில் தேடிப் பிடித்து ஒரு சாவிக்காரரை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழைத்தவர்கள் அநேகமாக எல்லாரும் கேட்கும் கேள்வி, "ஒரு சாவிக்கு இவ்வளவா?" என்பதுதான். வீட்டுச் சாவியை மார்க்கெட் வாசலில் உட்கார்ந்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் ராவிக் கொடுத்துவிடுகிறார், இதை மட்டும் என்ன தங்கத்திலா செய்கிறார்கள் என்று தோன்றும். அந்தத் தொகையில் உலோகத்துக்கும் வெட்டுக்கூலிக்கும் போவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலைக்குப் போகிறது: புதுச் சாவியை வண்டியின் கம்ப்யூட்டர் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ள வைப்பதற்கு.

உலோகத்தை முதலில் பார்த்துவிடலாம். கார் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக, ஸ்பிரிங் தள்ளியபடி நிற்கின்றன. சாவியின் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு நகர்த்தினால்தான் உருளை திரும்பும். எட்டுத் தகடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப்படி 65,536 விதமான சாவிகள் வரும், அதிலும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்த முடியும் (எல்லாப் பள்ளமும் ஒரே ஆழத்தில் இருக்கும் சாவியை யாரும் விற்க மாட்டார்கள்). ஆக, லட்சக்கணக்கில் விற்ற ஒரு மாடலில், உங்கள் சாவி அப்படியே பொருந்துகிற வேறொரு வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கத்தான் செய்யும்.

சரி, கையில் சாவியே இல்லாதபோது அந்த மேடுபள்ளம் எப்படித் தெரியும்? வண்டி வாங்கும்போது சாவியோடு ஒரு சின்ன வில்லையில் எண் பொறித்துக் கொடுத்திருப்பார்கள், அது பத்திரமாக இருந்தால் பூட்டைப் பார்க்காமலே வெட்டலாம். அது இருக்கும் இடம் பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் சாவிக்காரர் லீஷி என்ற கருவியைக் கதவுப் பூட்டுக்குள் விடுவார். சாவி மாதிரியே உள்ளே போகும், ஒரு சிறு நெம்புகோலால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தும், வெளியே இருக்கும் அளவுகோலில் எந்தத் தகடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று படித்துக்கொள்ளலாம். கதவும் திறக்கும், சாவியின் வடிவமும் எண்களாகக் கிடைத்துவிடும். வண்டியில் கொண்டுவந்த சின்ன மெஷினில் அந்த எண்களைக் கொடுத்தால் வெட்டித் தள்ளிவிடும். கை பழகியவருக்கு இது பெரிய வேலையே இல்லை.

இந்தச் சாவியை இக்னிஷனில் போட்டால் நன்றாகத் திரும்பும். விளக்குகள் எரியும், ஸ்டார்ட்டரும் சுற்றலாம். இன்ஜின் மட்டும் ஓடாது, அல்லது ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடும். டேஷ்போர்டில் சாவி வடிவத்தில் ஒரு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். இன்ஜினை இப்படித் தடுப்பதுதான் இம்மொபிலைசர், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு.

இந்த யோசனையின் ஆரம்ப வடிவம் 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கார்வெட்டில் வந்தது. சாவியின் உலோகத்தில் ஒரு ரெசிஸ்டரைப் பதித்தார்கள், வண்டி அதன் மின்தடையை அளந்து பார்க்கும். மொத்தம் 15 மதிப்புகள்தான், பொறுமையுள்ள திருடனுக்கு அது ஒரு தடையே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ரெசிஸ்டரின் இடத்தை ரேடியோ சிப் பிடித்தது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது, அதன் பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு ஒயரைப் பிய்த்து உரசினால் வண்டி கிளம்புவதை இன்னும் சினிமாவில் காட்டுகிறார்கள், பழைய அம்பாசடரில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் அந்தச் சிப் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ கறுப்புச் சில்லாகவோ இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வளையமாக உட்கார்ந்திருக்கிறது, சாவியைத் திருப்பியதும் அது விநாடிக்கு ஏறத்தாழ 1,25,000 முறை ஊசலாடும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, சிப்புக்குள் இருக்கும் சின்னச் சுருளில் அந்தப் புலம் மின்சாரத்தைத் தூண்டுகிறது, அந்தச் சொற்ப மின்சாரத்திலேயே சிப் விழித்துக்கொண்டு பதில் சொல்கிறது. சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் இது எட்டும். ரிமோட் பேட்டரி தீர்ந்த பிறகும் சாவியைப் போட்டுத் திருப்பினால் வண்டி கிளம்புவது இதனால்தான். சாவி இல்லாத, பட்டனை அமுக்கிக் கிளப்பும் வண்டியானாலும் பேட்டரி செத்துவிட்டால் ரிமோட்டை பட்டன் மேலேயே ஒட்டிப் பிடிக்கச் சொல்வார்கள் அல்லவா, அங்கேயும் இதே சுருள்தான் வேலை செய்கிறது.

சிப் என்ன பதில் சொல்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு நிலையான எண்ணைச் சொன்னால் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பவன் பதிவு செய்து திருப்பிப் போட்டுவிடுவான். அதனால் வண்டி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும். சிப் அந்த எண்ணையும் தனக்குள் இருக்கும் ரகசிய எண்ணையும் கலந்து ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். அதே ரகசியம் வண்டியிடமும் இருப்பதால் அதுவும் கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தினால் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அனுமதி போகும், பெட்ரோலும் தீப்பொறியும் வரும். ரகசியம் ஒருபோதும் காற்றில் பயணிப்பதே இல்லை. நீங்கள் சாவியைத் திருப்பும் அந்தக் கணத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

ரகசியம் எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்து லட்சக்கணக்கான கார்களில் இருந்த ஒரு சிப்பில் அது 40 பிட், அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகமும் சேர்ந்த ஒரு குழு, சிப்பிடமிருந்து இரண்டே இரண்டு விடைகளை வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் ரகசியத்தைக் கண்டுபிடித்துக் காட்டியது. பிறகு வந்த சிப்களில் ரகசியம் நீண்டுகொண்டே போனது, இப்போது 128 பிட் வகைகள் சகஜம்.

இனி, வாசலில் நிற்கும் சாவிக்காரரிடம் திரும்புவோம். அவர் புதிதாக ஒரு சிப்பை வாங்கி வந்திருக்கிறார். வண்டியைப் பொறுத்தவரை அது அந்நியன். வண்டிக்குள் அனுமதிக்கப்பட்ட சாவிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, வாக்காளர் பட்டியல் மாதிரிதான், கையில் அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. அந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பதுதான் ப்ரோகிராமிங். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் 16 பின்கள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், மெக்கானிக் ஸ்கேனர் செருகும் அதே இடம். சாவிக்காரர் தன் டேப்லெட்டை அங்கே இணைத்து, வண்டியின் பாதுகாப்புக் குறியீட்டைக் கொடுத்து (சில வண்டிகளில் கருவியே அதைப் படித்துவிடும், சிலவற்றில் தயாரிப்பாளரிடமிருந்து வாங்க வேண்டும்), புதுச் சிப்பைப் பட்டியலில் ஏற்றுவார்.

இங்கேதான் விலையின் முக்கியமான முடிச்சு. ஏற்கெனவே ஒரு சாவி உங்களிடம் இருந்தால் வேலை சுலபம், பல வண்டிகளில் பழைய சாவியைக் காட்டியபடியே புதியதைச் சேர்த்துவிடலாம், சில வகைச் சிப்களை நகலே எடுத்துவிடலாம். எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் கதையே வேறு. உரிமையாளர் பக்கம் சாட்சி சொல்ல யாருமில்லை. எதிரே இருப்பது உண்மையான சாவிக்காரரா திருடனா என்று வண்டிக்குத் தெரியாது, இருவர் கையிலும் ஒரே கருவிதான் இருக்கிறது.

அதற்கு எஞ்சினியர்கள் கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, சும்மா காக்க வைப்பது. ஜெனரல் மோட்டார்ஸின் பல வண்டிகளில் சாவியை ஆன் செய்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, அணைத்து, மறுபடி பத்து நிமிடம், அப்புறம் இன்னொரு பத்து நிமிடம் என்று அரை மணி போனால்தான் புதுச் சாவியை ஏற்கும். டொயோட்டாவின் சில மாடல்களில் இம்மொபிலைசரை ரீசெட் செய்ய 16 நிமிடம். இந்த நேரத்தில் உள்ளே பெரிய கணக்கு எதுவும் நடக்கவில்லை. நடுராத்திரியில் அடுத்தவர் வாசலில் நிற்கும் திருடனுக்கு அரை மணி என்பது மிக நீளம், பட்டப்பகலில் உரிமையாளரோடு டீ குடித்துக்கொண்டிருக்கும் சாவிக்காரருக்கு அது ஒன்றுமில்லை. நேரத்தையே பூட்டாக்கியிருக்கிறார்கள்.

சாக்கெட் வழியாக முடியாத வண்டிகளில் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி, அதன் போர்டில் இருக்கும் எட்டுக்கால் நினைவகச் சில்லை நேரடியாகப் படித்து, புதுச் சாவிக்கான விவரத்தை எழுதி, திரும்பப் பொருத்த வேண்டும். விஷயம் தெரிந்தவர் முதலில் இருப்பதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்வார், ஏனென்றால் ஒரு பைட் தவறினாலும் வண்டி உள்ளதையும் மறந்துவிடலாம். ப்ரோகிராம் செய்யும்போது 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதும் அதற்காகத்தான். பேட்டரியைச் சோதிக்காமல் டேப்லெட்டை மட்டும் செருகுபவரைக் கண்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

இம்மொபிலைசர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா நேரடியாகப் பார்த்தது. அங்கே அது சட்டப்படி கட்டாயமில்லை. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அங்கே விற்ற பல மாடல்களில் அது இல்லாமலிருந்தது, 2021 வாக்கில் பையன்கள் இக்னிஷன் உறையைப் பிய்த்து உள்ளே ஒரு யுஎஸ்பி கேபிளின் முனையைப் போட்டுத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள், வீடியோவும் பரவியது. 2023-இல் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவசமாக மென்பொருள் மாற்றம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ரிமோட் என்பது தனிக் கதை. கதவைத் திறக்கும் பட்டன் நம் ஊரில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது, அதற்குத்தான் பேட்டரி. ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளே ஒரு எண்ணிக்கை கூடும், வண்டியும் கூடவே எண்ணிக்கொண்டு வரும். பரவலாகப் பயன்பட்ட கீலாக் என்ற முறையில், வண்டிக்குக் கேட்காத தூரத்தில் 16 முறை வரை அமுக்கியிருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால்தான் சமாதானமாகும். குழந்தை கையில் ரிமோட்டைக் கொடுத்த வீடுகளில் முதல் அமுக்கலுக்குக் கதவு திறக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடைந்த சாவியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டால் கடையில் புது ஷெல் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், விலையும் குறைவு. ஆனால் பழைய கூட்டின் மூலையில் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சில்லைக் கவனிக்காமல் குப்பையில் போட்டுவிட்டு, "ரிமோட் வேலை செய்கிறது, வண்டி கிளம்பவில்லை" என்று தவிப்பவர்கள் நிறைய. கூட்டைத் தூக்கிப்போடும் முன் தட்டிப் பாருங்கள். சாவி இக்னிஷனுக்குள் முறிந்துவிட்டால் ஃபெவிக்விக் போட்டு இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம், பசை தகடுகளில் இறங்கினால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டிவரும். மெல்லிய கொக்கிக் கம்பியால் சாவிக்காரர் எடுத்துவிடுவார், முறிந்த இரண்டு துண்டையும் வைத்தே புதியதை வெட்டவும் முடியும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஆர்சி புக்கும் அடையாள அட்டையும் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காதவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முடிந்த பிறகு நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தொலைந்த சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்றா? எல்லாச் சாவியும் தொலைந்த நிலையில் பல வண்டிகளில் பழையவை தானாகவே அழிந்துவிடும், ஒன்று மட்டும் தொலைந்து இன்னொன்றைச் சேர்த்தால் அழியாது, தனியாகச் சொல்லி நீக்க வேண்டும். நீக்கினாலும் அது இன்ஜினை மட்டுமே தடுக்கும். உலோகம் மாறவில்லையே, சாவி யார் கையில் கிடைத்ததோ அவர் கதவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கலாம். அந்தப் பயம் இருந்தால் கதவுப் பூட்டைக் கழற்றித் தகடுகளின் வரிசையை மாற்றச் சொல்லலாம், பூட்டு அதேதான் இருக்கும், சாவிதான் வேறாகிவிடும்.