மூன்று சென்ரிமீற்றருக்குள் பிடிபட்டால் ஊசி போதும்

கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ ஈரல் கட்டியோடு வருகிறவர்களின் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான்: "டொக்டர், வெட்டாமல் ஊசியால சுட்டு எடுக்கலாமாமே?" சுடலாம், ஆனால் எடுப்பதில்லை. கட்டி இருந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். சின்ன வித்தியாசம்தான். ஆனாலும் ஒரு மாதம் கழித்து ஸ்கேன் ரிப்போட்டைப் பார்த்து வீடே கலங்கிப் போவது இது விளங்காததால்தான்.

அல்ட்ராசவுண்ட் அல்லது சீ.ரீ. படத்தைப் பார்த்தபடி, விலா எலும்புகளுக்கு இடையால் மெல்லிய நீண்ட ஊசி ஒன்றைக் கட்டியின் நடுவுக்குக் கொண்டுபோகிறோம். ரேடியோ அலை முறையில், ஊசி நுனியிலிருந்து 400 - 500 கிலோஹேர்ட்ஸ் அளவிலான மாறுதிசை மின்னோட்டம் பாயும். திசுவில் உள்ள அயன்கள் அங்குமிங்கும் அலைக்கழிய, அந்த உராய்வில் சூடு பிறக்கும். 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் கலங்களின் புரதம் முட்டை வெள்ளைக்கரு அவிவதுபோல உறைந்துவிடும். சரி, அப்படியென்றால் சூட்டை இன்னும் கூட்டினால் என்ன? 100 பாகைக்கு மேலே போனால் ஊசியைச் சுற்றித் திசு கருகிவிடும். கருகிய திசுவினூடாக மின்சாரம் சரியாகப் பாயாது, வெளிவட்டம் சூடாகாமல் தப்பிவிடும். பிறகு வந்த மைக்ரோவேவ் ஊசி இந்த விஷயத்தில் மேல். அது வேகமாகச் சுடும், ரேடியோ அலை முறையில்போல மின்சாரம் வெளியேறத் தொடையில் மின் தகடு ஒட்டும் வேலையும் இல்லை.

மூன்று சென்ரிமீற்றர் என்ற அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? கட்டியை மட்டும் சுட்டால் போதாது. சுற்றிவர 5 முதல் 10 மில்லிமீற்றர் நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட வேண்டும். 2 செ.மீ. கட்டிக்கே 3, 4 செ.மீ. உருண்டை தேவைப்படுகிறது. 5 செ.மீ. கட்டியென்றால் ஊசியைப் பல இடங்களில் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும், எங்காவது ஒரு ஓரம் மிஞ்சிவிடும். அதோடு இரத்த நாளங்களும் இருக்கின்றன. 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட நாளம் பக்கத்தில் ஓடினால், அதில் பாயும் இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்துக் கலங்கள் பிழைத்துக்கொள்ளும். அதனால் ரிப்போட்டில் 2.8 செ.மீ. என்று இருந்தாலும், பெரிய நாளத்தோடு ஒட்டிய கட்டியென்றால் நான் தயங்குவேன். குடல் பக்கத்தில் இருந்தால் அவ்வளவு தயக்கமில்லை. இடையில் குளுக்கோஸ் நீரைச் செலுத்திக் குடலைத் தள்ளி வைத்துவிடலாம். ரேடியோ அலை முறையில் உப்பு நீரைப் பயன்படுத்துவதில்லை, அது மின்சாரத்தைக் கடத்தும்.

2 செ.மீ.க்கு உட்பட்ட ஈரல் புற்றுநோயில் இந்த முறையின் பலன் சத்திரசிகிச்சைக்குக் கிட்டத்தட்ட நிகரானது. பெருங்குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளிலும், நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்திய 'கொலிஷன்' என்ற ஆய்வு வெப்ப முறை சத்திரசிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. சிறுநீரகத்தில் உள்ள சிறிய கட்டிகளுக்கும், இளம் பிள்ளைகளை இரவில் வலியால் எழுப்பும் ஒருவகை எலும்புக் கட்டிக்கும் இது கைகொடுக்கும்.

ஆனால் சிக்கல் என்னவென்றால், சிறிய ஈரல் கட்டி வலிக்காது. பல நாடுகளில் ஈரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணமான ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸ் தொற்று இலங்கையில் குறைவு. இங்கே ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் கொழுப்பு ஈரல், சீனி வருத்தம், மதுபானம் என்று ஈரல் சுருங்கிப்போனவர்களுக்குத்தான் வருகிறது. "ஈரல் சுருக்கம்" என்று உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் கட்டாயம். "பசி நல்லா இருக்கு, நோவும் இல்லை, எதுக்கு ஸ்கேன்?" என்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் பிறகு 7 செ.மீ. கட்டியோடு வருகிறார்கள். அப்போது என் ஊசிக்கு வேலையில்லை. சுருங்கிய ஈரல் பெரிய ஒபரேஷனையும் தாங்காது. வேறு வழிகள் உண்டு, ஆனால் அவை இவ்வளவு சுலபமானவை அல்ல.

(வாட்ஸ்அப்பில் சுற்றும் சூடான தேங்காய்த் தண்ணீர் வைத்தியத்தையும் இதையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். வாயால் குடிக்கும் எந்தச் சூடும் ஈரலில் உள்ள கட்டியை அவிக்காது.)

ஊசிக்குத் திகதி குறித்தபின், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகளைக் கட்டாயம் எங்களிடம் காட்டுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அப்படியான மாத்திரைகளில் ஒன்றான குளோபிடோக்ரலைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் சொல்லுங்கள். பித்தக்குழாயைக் குடலோடு இணைத்த பழைய ஒபரேஷன் இருந்தாலும் சொல்லுங்கள், அப்படிப்பட்டவர்களுக்குச் சுட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் இலேசான காய்ச்சலும் உடல் அலுப்பும் இருப்பது வழமை. நடுக்கத்தோடு கடுங்காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்று நோவோ வந்தால், கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

அப்புறம் அந்த ஸ்கேன். ஒரு மகள் ரிப்போட்டை நீட்டி, "டொக்டர், முதல்ல 2.2 எண்டு இருந்தது, இப்ப 4 எண்டு போட்டிருக்கு. பெருத்திட்டுதா?" என்று கேட்டார். "இல்லை பிள்ளை, அது கட்டியின்ர அளவில்லை, நாங்கள் சுட்ட இடத்தின்ர அளவு. பெரிசா இருந்தாத்தான் நல்லது" என்றேன். நாங்கள் தேடுவது வேறு: ஸ்கேன் படம் துலங்குவதற்கான மருந்தை ஏற்றியபின் அந்த வட்டத்தின் ஓரத்தில் எங்காவது ஒளிர்கிறதா என்பதை. ஒளிர்ந்தால் அங்கே உயிருள்ள கலங்கள் மிஞ்சியிருக்கலாம், திரும்பவும் சுடலாம். இல்லையென்றால் அந்த வடு மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். முதல் ஸ்கேன் ஒரு மாதத்தில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சுருங்கிய ஈரலில் வேறு இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கலாம் என்பதால் இதைத் தவறவிட முடியாது.

ஸ்கேனைக் காட்ட வரும் நாட்களில் ரிப்போட் கடதாசியை மட்டும் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். ஊசிக்கு முன் எடுத்த ஸ்கேனின் இறுவட்டையும் கொண்டுவாருங்கள். சுட்ட வட்டம் பழைய கட்டியை முழுதாக மூடியிருக்கிறதா என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துத்தான் அளக்கிறோம்.