நுவார்: கருப்பா, இருளா, கள்ளமா?

நண்பர் ஒருவர் போனில், "நல்ல நாயர் கிராபிக் நாவல் ஒன்று கிடைத்தது, படிக்கிறாயா?" என்றார். கிராபிக் நாவல் என்றால் நாவலைப்போல் நீளும் படக்கதை. டீக்கடைக் கதையாக்கும் என்று நினைத்தேன். வாங்கிப் பார்த்தால் மழை, தெருவிளக்கு, நாட்டைவிட்டு ஓடிவந்த ஒருவன், அவனை ஏமாற்றப்போகும் ஒருத்தி, நடுவில் ஒரு பிணம். சரி, அவர் சொன்னது நுவார், குற்றமும் இருளும் ஏமாற்றமும் கலந்த கதை வகை.

இந்தச் சொல்லை நம்மவர்கள் நோயர், நாய்ர், நுவார் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஏறக்குறைய 'ந்வார்'. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் ஓர் உகரம் சேர்ந்து நுவார் ஆகிறது. அப்படியே எழுதலாம்.

நேர்ப்பொருள் கருப்பு. லத்தீன் மொழியின் 'நிகெர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் நிறம் சொல்லும் அடைமொழி பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும்: ரொமான் நுவார் என்றால் கரிய நாவல், ஃபில்ம் நுவார் என்றால் கரிய படம். கடல் கடந்து போனபோது பெயர்ச்சொல் உதிர்ந்துவிட்டது. நாம் 'நுவார்' என்று மட்டும் சொல்லும்போது உண்மையில் 'கரிய' என்று பாதி சொல்லி நிறுத்துகிறோம்.

பாழடைந்த மாளிகையும் பேயும் வரும் பழைய ஆங்கிலத் திகில் கதைகளைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் ரொமான் நுவார் என்றார்கள். 1930களின் இறுதியில், மூடுபனியும் தோல்வியும் நிறைந்த தங்கள் நாட்டுப் படங்களைத் திட்ட அங்குள்ள பத்திரிகைகள் ஃபில்ம் நுவார் என்று எழுதின. 1945இல் காலிமார் பதிப்பகம் 'சேரி நுவார்' (கரிய வரிசை) என்ற குற்றக்கதை வரிசையைத் தொடங்கியது. கருப்பு அட்டை, மஞ்சள் எழுத்து. பெயர் வைத்தவர் கவிஞர் ஜாக் பிரெவேர். பேச்சு பிரெஞ்சில் அந்தச் சொற்றொடருக்கு அடுக்கடுக்காக வரும் கெட்டகாலம் என்றும் பொருள் உண்டு, ஏழரைச் சனி மாதிரி.

ஜெர்மானியர் பிடியில் இருந்தவரை பிரான்சுக்குள் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து 1946 கோடையில் அவை மொத்தமாகப் பாரிசில் வந்து இறங்கின. அவற்றில் சிலவற்றைப் பார்த்துவிட்டு அந்த ஆகஸ்டில் ஃபில்ம் நுவார் என்று எழுதியவர் திரைப்பட விமர்சகர் நினோ ஃபிராங்க். அமெரிக்காவில் அவற்றை மெலோடிராமா (உணர்ச்சி மிகுந்த படம்) என்றோ குற்றப் படம் என்றோதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நினோ ஃபிராங்க் இத்தாலியில் பிறந்து பாரிசுக்கு வந்தவர். அவர் பெயர் சூட்டிய வகையை உருவாக்கியவர்களில் பில்லி வைல்டர், ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் மூவரும் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1933இல் வெளியேறியவர்கள். ஆக, பெயரிட்டவரும் குடியேறி, படமெடுத்தவர்களும் குடியேறிகள். நுவார் கதைகளில் பிறந்த ஊரை விட்டவன் அடிக்கடி தலைகாட்டுவதில் வியப்பென்ன?

இதற்கு மேல் நிற அகராதியை மூடிவைத்துவிடலாம். பிரெஞ்சுத் தெருவில் நுவாருக்கு வேறொரு வேலை இருக்கிறது. 'மார்ஷே நுவார்' என்றால் கள்ளச்சந்தை. 'ஓ நுவார்' வேலை செய்வது என்றால் பதிவில்லாமல், வரிக்கணக்கில் வராமல், கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வது. உரிய காகிதம் இல்லாத குடியேறிகள் பலருக்குக் கிடைப்பது இந்த வேலைதான். இங்கே நுவார் என்பது நிறமல்ல, கணக்கில் வராதது, மறைவில் நடப்பது. கருப்புப் பணம் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் இந்தப் பொருளுக்குத் தமிழில் இன்னும் கூர்மையான ஒரு முன்னொட்டு இருக்கிறது: 'கள்ள'.

கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம், கள்ளநோட்டு என்றால் குற்றம். கள்ளக்காதல் என்றால் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் கொலையில் முடியும் உறவு. கள்ளத்தோணி என்றால் அனுமதியில்லாமல் கடல் கடந்தவன். இலங்கையில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழரை இழிவுபடுத்தவும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாகவே ஆக்கியது. நுவார் கதையின் மூன்று சரக்குகளும், குடியேறி, குற்றம், உருப்படாத காதல், ஒரே முன்னொட்டின் கீழ் வந்துவிடுகின்றன. வேறெந்த மொழியிலாவது இப்படி அமையுமா, தெரியவில்லை.

சங்கக் கவிதையில் களவு இழிசொல் அல்ல, மணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்கு அதுதான் பெயர். ஆனாலும் குறுந்தொகை 25இல் கபிலரின் தலைவி சொல்வதைக் கேளுங்கள்: "யாரும் இல்லைத் தானே கள்வன், தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ". அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? சாட்சிக்கு ஒரு குருகு, அதாவது நீர்ப்பறவை, இருந்தது, அதுவும் ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பறிவாளனே வேண்டாத நுவார் இது.

படக்கதைக்கு வருவோம். கிராபிக் நாவல் என்ற பெயரைப் பரவலாக்கியது வில் ஐஸ்னரின் 1978ஆம் ஆண்டுப் புத்தகம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த யூதக் குடியேறிகளின் கதைகள் அவை. குற்றக்கதை இல்லை, ஆனால் இருட்டுக்குக் குறைவில்லை. அசல் நுவார் வேண்டுமென்றால் ஹோசே முனியோஸ் வரைந்து கார்லோஸ் சம்பாயோ எழுதிய ஆலக் சின்னர் கதைகள். 1975இல் தொடங்கியவை. நாயகன் போலீஸ் வேலையை விட்ட நியூயார்க் துப்பறிவாளன், பெயரிலேயே 'பாவி' இருக்கிறது. படைத்த இருவரும் அர்ஜென்டினாவை விட்டு ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள். சாம்பல் நிறமே இல்லாமல் முழுக் கருப்பும் முழு வெள்ளையும் மோதும் பக்கங்கள். சினிமாவில் இருட்டு என்பது விளக்கை அணைப்பது. இங்கே அது காகிதத்தில் ஊற்றிய மை. தமிழில் மைக்குக் கருமை என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். நாலடியாரின் 'மைதீர் பசும்பொன்' குற்றமற்ற பொன். 'மைக்கதை' என்று பெயர் வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் 'மைக்' கதை என்று படித்துவிடுவார்கள்.

அப்புறம் நுவாருக்குத் தமிழ்ச்சொல்லாக எதைத்தான் எழுதுவது? கருப்புக்கதை என்றால் கறுப்பின மக்களின் கதை என்று தோன்றும். கருஞ்சட்டை ஊரில் கருப்பு பெருமையின் நிறமும்கூட. கரும்புனைவு என்று எழுதினால் கண் முதலில் கரும்பைத்தான் பார்க்கும். இருண்மையைக் கவிதை விமர்சகர்கள் எப்போதோ புரியாத கவிதைக்கு எடுத்துக்கொண்டார்கள். கள்ளப்படம் என்றால் திருட்டு விசிடி. நான் எழுதுவது இருட்கதை. படங்களோடு வந்தால் இருட்சித்திரக்கதை. இருள் வெறும் நிறமல்ல, 'இருள்சேர் இருவினை' என்ற குறளில் அது வினையோடு சேர்ந்தே வருகிறது. தப்பிக்கப் பார்ப்பவன் வினையில் சிக்குவதுதானே இந்தக் கதைகளின் சங்கதி.

பாட்டே இல்லாமல் 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தை இருட்படம் என்று சொல்லிப் பார்த்தேன், பொருந்துகிறது. புத்தகக் கடையில் மட்டும் இன்னும் 'நுவார் கிராபிக் நாவல்' என்றுதான் கேட்கிறேன். அப்போதும் கடைப்பையன், "எந்த நாயர் சார்?" என்கிறான்.