இரட்டை எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள்

நோர்வேயில் பெரியவர்களுக்கு நொர்ஸ்க் (நோர்வே மொழி) சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்புக்கு வரும் நம்மவர்கள் பலர் இலக்கணத்தில் கெட்டி. ஆனால் கடைத்தெருவில் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் ‘வா சா தூ?’ (என்ன சொன்னீர்கள்?) என்கிறார். பல நேரம் கோளாறு சொல்லில் இல்லை, அழுத்தம் விழும் இடத்தில்தான்.

நொர்ஸ்கின் சொந்தச் சொற்களில் பெரும்பாலும் முதல் அசையில்தான் அழுத்தம். அழுத்தம் விழும் அசையில் மெய்யெழுத்து இரட்டித்தால் முன்னுள்ள உயிர் குறில், ஒற்றையாக வந்தால் நெடில். ஒற்றை ‘கே’ போட்டால் ‘தாக்’, கூரை. இரட்டை ‘கே’ போட்டால் ‘தக்’, நன்றி. ஆரம்ப வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது.

உள்ளூராட்சியைக் குறிக்கும் ‘குமூனெ’யை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ‘எம்’ இரட்டிக்கும். விதி தெரிந்தவர் உடனே முதல் அசையை அழுத்திக் ‘கொம்’ என்பார். தவறு. அழுத்தம் ‘மூ’வில். அந்த இரண்டு ‘எம்’ லத்தீன் முன்னொட்டு ஒட்டிய தழும்பு. ‘கொன்’ என்ற முன்னொட்டு அடுத்த எழுத்தைப் பார்த்துத் திரியும்: ‘எல்’லுக்கு முன் ‘கொல்’, ‘ஆர்’ருக்கு முன் ‘கொர்’, ‘எம்’முக்கு முன் ‘கொம்’. நம் மரம் ‘கள்’ளோடு சேர்ந்து மரங்கள் ஆவது போலத்தான். ‘கொலேகா’ (சக ஊழியர்), ‘கொரெக்ட்’ இரண்டிலும் எழுத்து இரட்டிப்பது அதனால்தான். அழுத்தமோ இரண்டாவது அசையில்.

அப்படியானால் இரட்டை எழுத்தே பொய்யா? இல்லை. ‘கொன்ட்ரோல்’ சொல்லின் கடைசியில் ‘எல்’ இரட்டிக்கிறது; அழுத்தமும் அங்கேதான். வால்பக்கம் இரட்டித்தால் நம்பலாம், முன்னொட்டு முடியும் இடத்தில் இரட்டித்தால் சந்தேகப்படுங்கள்.

சொந்தச் சொல்லையும் லத்தீன் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. குடிவரவுக்கு ‘இன்வன்ட்ரிங்’ என்பது சொந்தச் சொல், அழுத்தம் தலையில். ‘இமிக்ரஷூன்’ லத்தீன் வழி வந்தது, அழுத்தம் கடைசி ‘ஷூன்’ மீது. பொருள் ஏறக்குறைய ஒன்றே.

ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கூடுதல் தொல்லை. கொன்டக்ட், ப்ரொடுக்ட், ஸ்டுடென்ட் எல்லாவற்றிலும் ஆங்கில வழக்கப்படி முதல் அசையை அழுத்துவார்கள். நொர்ஸ்கில் அது கடைசி அசைக்குரியது.

அப்புறம் மெய்க்கூட்டம், அதாவது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவது. ‘கொன்ஸ்ட்ருக்ஷூன்’ (கட்டுமானம்) என்பதை நம் நாக்கு ‘கொனிஸ்டிருக்ஷன்’ ஆக்கிவிடும். நடுவில் ஓர் அசை முளைக்கிறது, கடைசி அசை செத்துப்போகிறது. இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி பின்னாலிருந்து கட்டுவது: முதலில் ‘ஷூன்’, பிறகு ‘ருக்ஷூன்’, ‘ஸ்ட்ருக்ஷூன்’, கடைசியாகக் ‘கொன்’. வகுப்பில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாக்கு பழகுகிறது.

குடியுரிமைக்குப் பேச்சுத் தேர்வில் பி1 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ2-வுக்கு அடுத்த படி) வேண்டும் என்ற விதி 2022 ஒக்ரோபரில் வந்தது. அதற்கு முன் ஏ2 போதும். விண்ணப்பிக்க இருப்பவர்கள் எழுத்துப் பயிற்சியோடு நிற்காமல் இந்த உச்சரிப்புப் பயிற்சிக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

லத்தீன் வழிச் சொற்களின் அழுத்தத்தில் விலக்குகளும் உண்டு. ‘தொக்டூர்’ (டாக்டர்) முதல் அசையில் அழுந்தும். பன்மையில் ‘தொக்டூரெர்’ ஆனதும் அழுத்தம் ‘டூ’வுக்குத் தாவும். ஒஸ்லோப் பக்கத்துப் பேச்சுவழக்கில் ‘பனான்’ (வாழைப்பழம்), ‘ஸ்டஷூன்’ (நிலையம்) போன்றவற்றையே முதல் அசையில் அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது பிழையல்ல, வட்டார வழக்கு. ஆனால் பஸ்ஸில் கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு எல்லா லத்தீன் சொல்லுக்கும் போட்டுவிடாதீர்கள்.